உத்திராபதி வாத்தியாரின் ஒற்றை விரல்

டீ இன்னும் வரவில்லை. உத்திராபதி வாத்தியார் மறுபடியும் வலது கையைத் தூக்கி, உள்ளங்கையை மேலே காட்டி, ஆள்காட்டி விரலை மட்டும் உள்பக்கமாக மெல்ல மடக்குகிறார். செஞ்சி பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலே கேட்காது. இவரோ வாயையே திறக்கமாட்டார். கடைக்கார ரியாசுதீன் பாலை ஆற்றியபடியே, "இன்னா வாத்தியாரே, எறும்ப கூப்புடறியா? டீ வேணும்னா டீன்னு சொல்லேன்" என்கிறான். வாத்தியாருக்குக் கோபம் வராது. அறியாதவர்களை மன்னிப்பதற்கென்றே ஒரு முகம் வைத்திருக்கிறார், அதை எடுத்து மாட்டிக்கொள்வார்.

பத்தாம் வகுப்பு இங்கிலீஷில் கோட்டை விட்ட பிள்ளைகளுக்கு, உரக்கடை மாடியில் டுடோரியல் நடத்துகிறார். யூரியா நாற்றத்துக்கு நடுவே இலக்கணம். கட்டுரை, கடிதம் எல்லாம் ஓட்டமாக ஓடிவிடும். ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் ஒரு மாலை முழுவதும் போகும். "கைய ஆட்னா வேவ். தலைய ஆட்னா நாட். விரல மடக்கினா பெக்கன். வாயத் தொறக்காம ஒருத்தன வரவழைக்கிறான் பாரு, அதான்டா பெக்கன்" என்று மேடையில் நடித்துக் காட்டுவார். அதிர்ஷ்டம் மனிதனை பெக்கன் பண்ணுமாம், ஆபத்து பெக்கன் பண்ணுமாம், சாவுகூடப் பண்ணுமாம். "சாவும் ஒத்த விரல்லதானா சார்?" என்று கேட்ட முருகையன் அன்று மணி அடிக்கும்வரை பெஞ்சுமேல் நின்றான். இத்தனைக்கும் அந்தச் சொல் எந்தக் கேள்வித்தாளிலும் இதுவரை தலைகாட்டியதில்லை.

செஞ்சியில் ஒருவரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். உள்ளங்கையைக் கவிழ்த்து, நாலு விரலையும் சேர்த்து, காற்றை வாரித் தன் பக்கம் இழுப்பார்கள். வாத்தியாருக்கு அதைக் கண்டாலே ஆகாது. "கோழிய தொரத்தற மாதிரி இருக்குது" என்பார். ஒற்றை விரலுக்கு வருகிறவர்கள் இந்த ஊரில் இரண்டே பேர்தான்: ஒன்று நாய், இன்னொன்று போலீசிடம் மாட்டிக்கொண்டவன். அதை யார் அவரிடம் சொல்வது? வல்லம் பஸ்ஸை அவர் விரலை மடக்கி நிறுத்தப் பார்ப்பார். டிரைவர் பார்த்துக்கொண்டே போய்விடுவான். வாத்தியார் வெயிலில் நடப்பார்.

இந்தப் பித்து பிடித்த இடம் செஞ்சிக் கோட்டை. சில வருஷங்களுக்கு முன்னால் கல்யாண மகாலுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரன் இவரைப் பார்த்து விரலை மடக்கினான். வாத்தியார் ஓடினார் பாருங்கள், செருப்பு வார் அறுந்துபோனது. அவன் கேமராவை இவர் கையில் திணித்துவிட்டு, பெண்டாட்டியைத் தோளோடு அணைத்து நின்றான். இவர் படம் எடுத்துக் கொடுத்தார். அவன் தாங்க்யூ சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவ்வளவுதான் விஷயம். அவன் கூப்பிட்ட லட்சணத்தில் மரியாதை இருந்ததா என்று இவர் ஒரு நிமிஷம்கூட யோசித்ததில்லை. அறுந்த செருப்போடு வீட்டுக்கு வந்து, மனைவி ஜானகியைப் பார்த்து முதல் தடவையாக விரலை மடக்கினார். அந்த அம்மாள் அடுப்பை விட்டு நகரவில்லை.

போன தை மாதம் மகள் மங்கையைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கூட்டுறவு சங்கத்தில் வேலை. அவன் அப்பா சொக்கலிங்கம் அவலூர்பேட்டையில் வேர்க்கடலை மண்டிக்காரர், நாக்கும் பெரிது, ரோஷமும் பெரிது. முன்னால் வந்த வரன்கள் ஏதேதோ சாக்குச் சொல்லித் தட்டிப்போயிருந்தன. இந்தப் பையனின் போட்டோவை மட்டும் மங்கை திருப்பிக் கொடுக்காமல் டைப்ரைட்டிங் பாடப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். ஜானகிக்கு அது தெரியும், வாத்தியாருக்கும் தெரியும். "இன்னிக்கு ஒரு நாளு அந்தக் கைய மடியில வெச்சிக்கினு இருங்க, உங்களுக்குப் புண்ணியமா போவும்" என்று காலையிலேயே ஜானகி சொல்லியிருந்தாள். அவரும் தலையாட்டினார்.

எல்லாம் நல்லபடியாகவே போயிற்று. சொஜ்ஜி பஜ்ஜி காலியானது. மங்கை காபி கொடுத்தாள், பையன் அவளை நிமிர்ந்து பார்த்தான், பிடித்துவிட்டது என்று எல்லாருக்கும் தெரிந்தது. சொக்கலிங்கம் வெற்றிலையைத் துப்ப வாசலுக்குப் போனார். நாள் குறிக்கலாம் என்று பேச்சு வந்தது. சந்தோஷத்தில் வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியில் கால்மேல் கால் போட்டபடி, வாசலில் நின்ற சம்பந்தியைப் பார்த்து விரலை மடக்கிவிட்டார். அதுவும் ரெண்டு தரம்.

சொக்கலிங்கம் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். தெருவில் யாரும் இல்லை. "யார கூப்டற? என்னையா?" என்றார். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "என் மண்டியில மூட்ட தூக்கறவன கூட நான் இப்டி கூப்டதில்ல வாத்தியாரே. டேய், எழுந்து வாடா."

பையன் எழுந்துவிட்டான். வாத்தியார் பதறிப்போய், "சம்பந்தி, அது பெக்கன். இங்கிலீஷ்ல அது மரியாத. வெள்ளைக்காரன் எல்லாம்..." என்று பாடத்தை ஆரம்பித்தார். அந்த நேரத்திலும் பாடம்! சொக்கலிங்கம் செருப்புக்குள் ஒரு காலை நுழைத்தார்.

ஜானகி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "அண்ணா, கோச்சிக்காதீங்க. அவுரு கூப்புடல. அவுருக்கு அந்த விரல்ல நரம்புக் கோளாறு. தானா மடங்கும், தானா நிமிரும். வெக்கப்பட்டுக்கினு இங்கிலீஷ் அது இதுன்னு சொல்லுவாரு. ஊருக்கே தெரியும்."

சொக்கலிங்கத்தின் கால் செருப்புக்குள் நின்றது. "வம்சத்துல இருக்குதா?"

"அய்யே, அதெல்லாம் இல்லண்ணா. சாக்பீஸ் புடிச்சி புடிச்சி வந்தது. பொண்ணுக்கு ஒண்ணும் கெடையாது."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "அப்டியா வாத்தியாரே?"

வாத்தியார் மனசுக்குள் கணக்குப் போட்டார். பொய் என்று சொன்னால் அந்த இரண்டாவது காலும் செருப்புக்குள் போய்விடும். ஆமாம் என்றால், நாளைக்குள் கடைவீதி பூராவும் தெரிந்துவிடும். ரியாசுதீன் கேட்பான், முருகையன் கேட்பான். உரக்கடை மாடியில் இத்தனை காலம் நடத்தியது இங்கிலீஷ் இல்லை, வியாதி என்று ஆகிவிடும். பாவி மனுஷிக்கு வேறு பொய்யே கிடைக்கவில்லையா என்று ஜானகியைப் பார்த்தார். அவள் இவரைப் பார்க்கவே இல்லை. மங்கை காலி டம்ளர்கள் வைத்த தட்டைப் பிடித்தபடி சமையலறை வாசலில் நின்றாள். அவளும் அப்பாவைப் பார்க்கவில்லை, வாசலில் இருந்த செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உத்திராபதி வாத்தியார் காலை இறக்கினார், எழுந்தார். வலது மணிக்கட்டை இடது கையால் தாங்கிப் பிடித்து, டாக்டரிடம் நீட்டுவதுபோல் சம்பந்தியின் எதிரே நீட்டினார். ஆள்காட்டி விரல் மடங்கியது, நிமிர்ந்தது, எல்லாரும் பார்க்க மறுபடியும் மடங்கியது.