பச்சை பிடித்த கடல்தொட்டி

"இதுல சவுக்காரத்தூள் கலந்திருக்கு. உன் கை படாம எப்படி வரும்?" என்று என் கணவர் நீலநிறக் குப்பியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

எண்பதுகளில், பதுளையில் நாங்கள் இருந்த வீட்டு ஹாலில் ஒரு கண்ணாடித் தொட்டி நிறையக் கடல்தண்ணீர் இருந்தது. மட்டக்களப்புக்குக் கருவாடு எடுக்கப் போகும் லொறிக்காரர் ஒருவர் கேன்களில் பிடித்து வந்து கொடுப்பார். ஒருமுறை கல்லோடு ஒட்டிய உயிர்ப்பவளம் ஒன்றும் கொண்டுவந்தார். வெளிச்சத்தில் விரிந்து, இருட்டினால் சுருங்கும் அந்தப் பவளத்தின்மேல் இவர் உயிரையே வைத்திருந்தார். எங்களுக்கு அப்போது பிள்ளை இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே தொட்டி முன்னால் போய் நிற்பார்.

அதில் திடீரென்று பச்சைப்பாசி மயிர்மயிராகப் படர்ந்தது. இவர் மாலைதோறும் கிள்ளி எடுப்பார். மறுநாளே கொழுத்து நிற்கும். பவளம் விரிவதை நிறுத்திவிட்டது. இவர் இரசாயனம் படிப்பிக்கும் ஆசிரியர், சும்மா இருப்பாரா? பள்ளி ஆய்வுகூடத்தில் ஏதோ மருந்து விட்டுப் பார்த்தார். பொஸ்பேட் இருந்தால் நீலமாகுமாம். குழாய்த்தண்ணீர் வெள்ளை, கேனில் இருந்த கடல்தண்ணீர் வெள்ளை, தொட்டித்தண்ணீர் மட்டும் நீலம். அப்படியானால் வீட்டுக்குள்தான் யாரோ கலக்கிறார்கள். சவுக்காரத்தூளிலும் பொஸ்பேட் உண்டு. துணி துவைப்பவள் நான். கணக்கு முடிந்தது.

துணிகளைப் பக்கத்து வீட்டுக் கல்லுக்குக் கொண்டுபோனேன். தூள் பக்கெட்டை வெளியே வைத்தேன். அடுத்த முறை தண்ணீர் இன்னும் கடும் நீலமானது.

"இனி ஹாலுக்குள்ள வராத" என்றார்.

விளக்குமாறும் கையுமாக அப்படியே நின்றேன். என் வீட்டு ஹாலுக்குள் எனக்குத் தடையா? பவளம் செத்தால் ஆயுசுக்கும் பழி என் தலையில்தான் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

ஒருநாள் காலை, அவர் போன பிறகு, சமையலறை வாசலிலிருந்து மாமாவைப் பார்த்தேன். என் மாமனார் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் உரம் போடும் ஆட்களுக்குக் கங்காணியாக இருந்து ஓய்வுபெற்று எங்களோடு வந்திருந்தவர். ஜெபம் முடித்து எழுந்து, பின்வளவு மிளகாய்ச் செடிகளுக்கு வைத்திருந்த பழைய பால்மா டின்னைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்துத் தொட்டிக்குள் தூவினார்.

"என்ன மாமா போடுறீங்க?"

"உரந்தாம்மா. தம்பி ஆசையா வச்ச செடி வாடிக் கெடக்குல்ல. கொஞ்சமாத்தான் போடணும், கூடுனா வேர் வெந்துரும்." பாசியைக் காட்டிச் சிரித்தார். "பாரு, என்னமா கொழுந்து விட்டிருக்கு. அவனும் வந்து வந்து கிள்ளுறான், மறுபடி தழைக்குது."

மகன் பாசியை ஒழிக்கக் கிள்ளியதை அவர் கொழுந்து பறிப்பு என்று நினைத்திருக்கிறார். ஆயுள் முழுக்கத் தேயிலைக்கு உரம் போட்ட கை. கல்லில் முளைத்து நிற்பதைச் செடி என்று நம்பியதற்கு அவரை எப்படித் திட்டுவது?

மாலையில் வாசலிலேயே கணவரை நிறுத்திச் சொன்னேன். அவர் உள்ளே ஓடினார், நானும் தடையை மறந்து பின்னால் போனேன். பவளம் கூழாகிக் கல்லைவிட்டுக் கழன்று கொண்டிருந்தது. இப்போது வெடிப்பார் என்று காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், வெடிக்கட்டும் என்றே காத்திருந்தேன்.

மாமா நாற்காலியிலிருந்து எழுந்தார். "நாந்தான் தம்பி உரம் போட்டேன். ஏதும் தப்பாயிருச்சா?"

இவர் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லப்பா. நல்லாத்தான் பச்சை புடிச்சிருக்கு. இனி உரம் வேணாம், தண்ணி போதும்."

மாமா நிம்மதியாகத் தன் மிளகாய்ச் செடிகளுக்குப் போய்விட்டார். இவ்வளவு மெதுவாகப் பேச இந்த மனிதருக்கு வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அதே குரலில் எனக்கும் ஒரு சொல் வரும் என்று அங்கேயே நின்றேன்.

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு திரும்பினார்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? வாளியக் கொண்டா" என்றார்.