ஏழாம் கட்டத்துக் கதவு

சல்லடை அக்கா என்றால்தான் அந்த ஆபீசில் தெரியும். வீடியோ கேம் செய்கிற கம்பெனி அது. ஒரு ஆட்டம் வெளிவந்ததும், ஆடியவர்கள் எழுதுகிற புகழையும் வசவையும் வரி விடாமல் படித்து, இது சத்தம், இது படம், இது கதை என்று பெட்டி பெட்டியாகப் பிரித்துப் போடுவது அவள் வேலை. காலை ஒன்பது மணியிலிருந்து முகம் தெரியாத ஆயிரம் பேர் அவளிடம் கத்துவார்கள். வீட்டுக்குப் போனால் 'சாப்பிட்டியா' என்று கேட்க ஒரு ஆள் கிடையாது.

இந்த முறை வந்தது, கம்பெனியின் பழைய பேய் ஆட்ட வரிசையிலிருந்து பிரித்துச் செய்த கிளை ஆட்டம். மூல ஆட்டங்கள் ஐந்தும் பேய்க்குப் பயந்து ஓடி ஒளிகிற வகை. கையில் ஒரு டார்ச்சைத் தவிர ஒன்றும் இருக்காது. முதலாளிக்கு என்ன தோன்றியதோ, கிளையில் ஆடுகிறவன் கையில் நாலு துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார். விமர்சகர்கள் விடுவார்களா? 'பயத்தை விற்றுத் தோட்டா வாங்கியிருக்கிறார்கள்' என்று ஒருவர் பத்துக்கு நாலு போட்டார். 'இதில் பேய்தான் நம்மைக் கண்டு ஒளிகிறது' என்று இன்னொருவர் மூன்றோடு நிறுத்திக்கொண்டார். ஆடியவர்களோ இரண்டு கட்சி. 'இத்தனை வருஷம் துரத்துன பேயை இப்பதான் திருப்பி அடிச்சேன், மனசு குளிர்ந்துச்சு' என்று பாதிப் பேர். 'எங்க பயத்தைத் திருப்பிக் குடுங்க' என்று மீதிப் பேர்.

இரண்டு கட்சியும் ஒத்துப்போனது ஒரே விஷயத்தில்தான். ஏழாம் கட்டத்தில் பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல், "திற. நான்தான் வந்திருக்கேன். திறயேன்" என்று கெஞ்சும். கதவைச் சுட்டால்தான் ஆட்டம் நகரும். 'யாருப்பா இந்தம்மா, நடிக்கவே தெரியல, சொந்தக் கஷ்டத்தை நெனச்சு அழுவுது. தூக்குங்க.' இப்படி நூற்றுக்கணக்கில்.

அந்தம்மா வேறு யாருமில்லை, சல்லடை அக்காதான். நடிகை வரும்வரை ஆபீஸ் ஆள் யாராவது பேசி இடத்தை நிரப்பி வைப்பது இந்தத் தொழிலில் வழக்கம். பிறகு மாற்றிவிடுவார்கள். இதை மட்டும் மாற்ற மறந்துவிட்டார்கள்.

ஒலிப்பதிவாளர் தலையில் கை வைத்துக்கொண்டு வந்து சொன்னபோது, அவளுக்கு வெட்கத்தை விடச் சந்தோஷம்தான் வந்தது. காரணம், அண்ணன்.

சின்ன வயதில் இருவரும் இந்த வரிசையின் முதல் ஆட்டத்தை ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து ஆடினார்கள். பேய் வந்தால் அவன் போர்வைக்குள் தலையை இழுத்துக்கொள்வான். 'பயந்தாங்கொள்ளி' என்று அவள் வைத்த பெயரையே வளர்ந்த பிறகும் எல்லா ஆட்டத்திலும் பதிந்துகொண்டான். அவள் கல்யாணம் முறிந்தபோது, "நான் அப்பவே சொன்னேன்ல" என்று போனில் சொல்லித் தொலைத்தான். மறுநாள் வாசலில் வந்து நின்று அரைமணி நேரம் கூப்பிட்டான். அவள் திறக்கவில்லை. அவளுக்கு அப்படி ஒரு வீம்பு. நம்பரையும் மாற்றினாள். கோபம் ஆறி அவள் தேடியபோது அவன் நம்பரும் வீடும் மாறியிருந்தன. ஆறு வருஷமாகிவிட்டது. மைக் முன்னால் நின்றபோது வாசலில் அவன் கூப்பிட்ட அந்தத் தொனிதான் அவள் தொண்டையில் வந்தது. அவன் இந்த ஆட்டத்தை ஆடாமல் இருக்கமாட்டான், ஆடினால் கேட்பான், கேட்டால் தெரிந்துகொள்வான் என்று நம்பினாள்.

அதற்காக ஒரு திருட்டுத்தனமும் செய்தாள். குரலைத் தூக்கச் சொன்ன கருத்துகளையெல்லாம் யாரும் திறந்து பார்க்காத 'இதர' பெட்டிக்குள் தள்ளினாள். பத்து நாள் தாக்குப்பிடித்தது.

பதினொன்றாம் நாள் ஒலிப்பதிவாளர் வந்தார். "அக்கா, நாளைக்கு அப்டேட் போகுது. அந்தக் குரலை மாத்தணுமா, வேண்டாமா? நீங்க என்ன சொல்றீங்களோ அதான்."

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "மாத்திடுங்க. நிறையப் பேருக்குப் பிடிக்கல."

"உங்களுக்கு வருத்தமில்லையே?"

"எனக்கென்ன வருத்தம்?" என்று சிரித்து வைத்தாள்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு வந்தது அது. பெயர்: பயந்தாங்கொள்ளி. 'ஏழாம் கட்டத்துக் கதவை என்னால சுட முடியல. எங்க வீட்டு ஆள் குரல் மாதிரியே இருக்கு. சுடாம திறக்கறதுக்கு ஒரு வழி வையுங்க. அதுவரைக்கும் நான் அங்கயேதான் நிக்கிறேன்.'

நாலு முறை படித்தாள். கண்ணீர் எழுத்தை மறைத்தது. பதில் கட்டத்தில் கம்பெனி எழுதி வைத்திருந்த நன்றி வாக்கியத்தை அழித்துவிட்டு, "அண்ணா, அந்தக் குரல் என்னோடதுதான். எப்படி இருக்கே?" என்று தட்டி, எங்கே மனசு மாறிவிடுமோ என்ற பயத்தில் உடனே அனுப்பினாள்.

பதில் போன பிறகுதான் திரையைச் சரியாகப் பார்த்தாள். எல்லாப் பதிலுக்கும் அடியில் ஒட்டுகிற வரியை மென்பொருள் இதற்கும் ஒட்டியிருந்தது. 'இது தானியங்கிச் செய்தி. தயவுசெய்து பதில் எழுத வேண்டாம்.' போன் நம்பரையாவது எழுதியிருக்கலாம் என்று அப்போதுதான் உறைத்தது. ஒரு கருத்துக்கு ஒரு பதில்தான் அனுப்ப முடியும். பதில் கட்டம் சாம்பல் நிறமாகி மூடிக்கொண்டிருந்தது.