எங்கள் மண்ணணைக்குக் கிடைத்த வகுப்பு

கியூபெக்கின் பெருநகரில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், ஆறாம் மாடியில் வாடகைக்கு இருந்துகொண்டே நான் ஒரு ஏரிக்குப் பாதிச் சொந்தக்காரனாக இருந்தேன். மற்றப் பாதி என் மனைவியின் தமையனுடையது. பக்கத்துப் பகுதியான சென்ட் லோரன்டில் ஒரு சின்னக் கடை வைத்திருந்த அவரை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். நகரத்துக்கு வடக்கே விலைக்கு வந்த பழைய மரவீடொன்றை இருவருமாக வாங்கினோம். ஏரியும் அதோடு வந்தது.

ஏரியின் ஒரு பக்கம் நெடுகப் புல் மூடிய மேடு. மனைவி அதில் பூசணி நட்டாள். அது வெறும் மேடல்ல, யாரோ முன்னொரு காலத்தில் மண் குவித்துக் கட்டிய அணை என்று பக்கத்து வளவுக்காரர்தான் சொன்னார். இப்படியான தனியார் அணைகளுக்கும் பாதுகாப்பு வகுப்புத் தீர்மானிக்க வேண்டும் என்று கியூபெக்கில் அப்போது புதிதாகச் சட்டம் வந்திருந்தது. ஒரு பொறியியலாளரை அழைத்தோம்.

ரப்பர் சப்பாத்தோடு வந்த இளம்பெண் அணையின் அடிவாரம் முழுவதும் குனிந்து குனிந்து ஈரம் பார்த்தாள். பூசணிக்கொடியைத் தூக்கி, அதன் கீழே ஏதோ பிராணி தோண்டிய வளையைக் காட்டினாள். "இங்கே கட்டைப் புல் மட்டும்தான் இருக்கலாம். வளையும் கசிவும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்." மனைவிக்கு முகம் சிவந்தது.

"என்ன வகுப்புக் கிடைக்கும்?" என்று மச்சான் கேட்டார்.

"A முதல் E வரை இருக்கிறது. உங்களுடையது அநேகமாக E."

பிள்ளைகள் B எடுத்து வந்தாலே அன்று முழுக்க ஒருவரோடும் பேசாத மனிதர் அவர். என் பக்கம் திரும்பித் தமிழில், "கடைசி வகுப்போ? கொஞ்சம் திருத்தி ஒரு C ஆவது எடுக்கேலாதோ எண்டு கேள்" என்றார். கேட்டேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"இது பரீட்சை இல்லை. அணை உடைந்தால் கீழே என்ன சேதம் என்பதும் இதில் அடங்கும். A என்றால் கீழே பெரிய ஊரே இருக்கலாம். உங்களுக்குக் கீழே புல்வெளியும் காடும்தான்." சொல்லிக்கொண்டே புல்வெளியைப் பார்த்தவள், "அங்கே நட்டிருக்கிற மரக்கட்டைகள் எதற்கு?" என்றாள்.

"எங்கட ஆக்கள் வந்தால் தங்க ஒரு வீடு கட்டப்போறன். காத்து அடியாத இடம்" என்றார் மச்சான். அதை அவளுக்குச் சொன்னேன்.

"கட்டினால் வகுப்பு ஏறும்."

"ஏறுமோ!" மச்சானின் முகம் மலர்ந்தது.

"ஏறும். உடைந்தால் உள்ளே தூங்குகிறவர்கள் போய்விடுவார்கள் என்பதால்."

மச்சான் விறுவிறுவென்று இறங்கிப்போய், நட்டிருந்த கட்டைகளைத் தன் கையாலேயே பிடுங்கி எறிந்தார். "பிள்ளையளை எல்லோ அங்கை படுக்க வைச்சிருப்பன், மச்சான்" என்றார்.

அடுத்த வசந்தத்தில் பனி உருகும் நேரம் பார்த்து மழையும் பிடித்துக்கொண்டது. பதறிப்போய் இருவரும் காரில் ஓடினோம். அணை அசையாமல் நின்றது. மிதமிஞ்சிய தண்ணீர் ஓரத்துக் கல்வாய்க்காலால் இரைந்து இறங்கிப் புல்வெளியை மூடியிருந்தது.

"வான் பாயுதடாப்பா!" என்று, ஊரில் குளம் நிரம்பி வழியும்போது சொல்வதுபோல, மச்சான் கத்தினார். குடையை மடக்கிவிட்டு மழையில் நனைந்தபடியே நின்று பார்த்தார்.

விருந்தாளிகளுக்கான வீட்டைப் பிறகு ஏரிக்கு மேலே உயரமான பாறையில் கட்டினோம். காற்று பிய்த்துக்கொண்டு போகும். குடிபுகுந்த அன்று புரோசார்டிலிருந்து வந்த உறவுக்காரர் எல்லாரும் கோடையிலும் குளிர்ச்சட்டையைக் கழற்றாமல் இருந்து ஆட்டிறைச்சிக் கறி சாப்பிட்டார்கள்.