பூஜையில் வைத்த பதக்கம்

எங்கள் வீட்டு சரஸ்வதி பூஜையில் ஒரு வருடம் அமெரிக்க ராணுவமும் கலந்துகொண்டது. அதற்கு முழுப் பொறுப்பு நான்தான். திட்டு வாங்கியது மட்டும் அம்மா.

அப்போது அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்துப் பிளானோவில் இருந்தோம். எனக்கு எட்டு வயது. ஆளுக்கொரு வீரரைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும், அவருடைய பொருள் ஒன்றையும் கொண்டுவர வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். மற்ற பிள்ளைகளுக்குத் தாத்தா, மாமா என்று யாராவது ராணுவத்தில் இருந்தார்கள். எங்கள் பரம்பரையிலேயே சீருடை போட்டவர் தபால்காரராக இருந்த பெரியப்பா ஒருவர்தான். அதனால் பக்கத்து வீட்டு அங்கிளிடம் போனேன். அவர் வியட்நாம் போருக்குப் போனவர், பெரிய பதக்கம் வாங்கியவர் என்று தெரு முழுக்கத் தெரியும்.

பதக்கத்தைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருப்பார் என்று நினைத்தேன். அவரோ கராஜில் ஸ்க்ரூவும் டேப்பும் கிடந்த டிராயரைத் துழாவி எடுத்தார். எதற்காகக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். குண்டடிபட்டு விழுந்த நண்பனைத் திரும்பப் போய்த் தூக்கி வந்தேன் என்றார். அந்த நண்பர் இப்போது என்ன செய்கிறார் என்று கேட்டேன். அங்கிள், புல்வெளியில் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரிங்க்ளர் சரியாகச் சுற்றவில்லை என்று பார்க்கப் போய்விட்டார். நாளை சாயங்காலமே திருப்பித் தந்துவிடுவேன் என்று அவர் முதுகைப் பார்த்துச் சத்தியம் செய்துவிட்டு வந்தேன்.

முடிவு இல்லாத கதையை வகுப்பில் எப்படிச் சொல்வது? முடிவை நானே போட்டுக்கொண்டேன். அந்த நண்பர் ஹூஸ்டனில் சௌக்கியமாக இருக்கிறார், அவருக்கு இரண்டு பிள்ளைகள், ஒரு நாய் என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றைக்குத்தான் சரஸ்வதி பூஜை. நான் முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் அம்மா என் ஸ்கூல் பையைக் கவிழ்த்து, உள்ளே இருந்த அத்தனையையும் மனையில் அடுக்கிவிட்டாள். பூஜை வேகம் வந்துவிட்டால் கையில் இருப்பது என்னவென்றே பார்க்க மாட்டாள். பாடப் புத்தகம், கால்குலேட்டர், அப்பாவின் பழைய லேப்டாப், கார் சாவி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பதக்கத்துக்கும்தான். ஈரச் சந்தனத்தோடு குங்குமம் வழிந்து நாடாவின் வெள்ளைக் கோட்டில் இறங்கியிருந்தது.

ஆபீசிலிருந்து வந்த அப்பா ஆடிப்போய்விட்டார்.

“என்னடி பண்ணி வெச்சிருக்க? இது அமெரிக்கன் கவர்ன்மென்ட் குடுத்த மெடல். நம்ம கிரீன் கார்டு பெண்டிங்ல இருக்கு!”

“அதுக்கு? பூஜைல வெச்சதை நாளைக்குக் காலை வரைக்கும் யாரும் தொடக் கூடாதுங்க. பிரசிடென்ட்டே வந்து கேட்டாலும் தர மாட்டேன்.”

பிரசிடென்ட் வரவில்லை. பதக்கத்தை வாங்கிப் போக அங்கிள்தான் வந்தார். அப்பா வாசலிலேயே மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். டிரை கிளீன் செய்து தருகிறேன் என்றுகூடச் சொன்னார். அங்கிள் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கால்குலேட்டருக்கும் கார் சாவிக்கும் நடுவில் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தன் பதக்கத்தைப் பார்த்தபடி நின்றார். இதெல்லாம் என்ன என்று அம்மாவிடம் கேட்டார். உழைத்த பொருள்களுக்கு நன்றி சொல்கிறோம், இன்றைக்கு அவற்றுக்கு ஓய்வு, யாரும் வேலை வாங்கக் கூடாது என்று அம்மா தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு, அப்படியானால் தூங்கட்டும், எழுப்ப வேண்டாம் என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஹூஸ்டன், பிள்ளைகள், நாய், கைதட்டல் எல்லாவற்றையும் பெருமையாக அவரிடம் சொன்னேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்லது என்றார். அம்மா கொடுத்த சுண்டல் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, நண்பனுக்கும் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். அம்மா அவர் முகத்தை ஒருமுறை பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் இன்னொரு பொட்டலம் கட்டி, அதோடு வெற்றிலையும் பழமும் வைத்துக் கொடுத்தாள். நான் அளந்த கதை நிஜமாகவே இருந்துவிட்டதே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

மறுநாள் நாடாவைச் சுத்தம் செய்ய அப்பா எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். அங்கிள் தொட விடவில்லை. கிரீன் கார்டு வரப் பதினொரு வருடம் ஆனதற்கு அப்பா இன்னமும் அந்தக் குங்குமத்தைத்தான் காரணம் சொல்கிறார்.

அதற்குப் பிறகு வருடா வருடம் பக்கத்து வீட்டுக்கு இரண்டு பொட்டலம் போனது. கொண்டுபோவது என் வேலை. ஹூஸ்டன் அங்கிளுக்குச் சுண்டல் பிடித்ததா என்று அடுத்த வாரம் விடாமல் கேட்பேன். உப்பு கொஞ்சம் கம்மி என்றாராம். இன்னொரு வருடம், தேங்காய் பிரமாதம் என்றாராம்.

நான் காலேஜில் இருந்தபோது அங்கிள் இறந்துபோனார். இறுதிச் சடங்கில் அந்தப் பதக்கம் ஒரு சின்ன மேசைமேல் இருந்தது, குங்குமக் கறையோடு. அதனுடன் ராணுவம் அந்தக் காலத்தில் கொடுத்த பாராட்டுப் பத்திரத்தை ஒருவர் எழுந்து வாசித்தார். நண்பரைத் தோளில் சுமந்து முகாமுக்கு வந்து சேர்ந்தபோது அவர் உயிரோடு இல்லை என்று அதில் இருந்தது. பக்கத்தில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

அத்தனை வருடங்கள் அந்த மனிதரிடம் போய் நண்பரின் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறேன், நாயைக்கூட விசாரித்திருக்கிறேன். அவர் ஒரு தடவைகூடப் பதில் சொல்லாமல் என்னை அனுப்பியதில்லை. நாய்க்கு வயதாகிவிட்டது, ஆனாலும் நன்றாகத்தான் சாப்பிடுகிறது என்று ஒரு வருடம் சொன்னார்.