மங்கலான கோடு

அக்கா வீட்டுக்குள் வந்தால் செருப்பைக் கழற்றும் முன்பே கைகளை அக்குளில் இடுக்கிக்கொள்வாள். வெயில் கொளுத்தும் நாளிலும் அப்படித்தான். ஆய்வுக்கூடத்தில் அவள் வேலை செய்தது ஃப்ரிட்ஜ் போலக் குளிரும் ஓர் அறையில். சூடு பட்டால் புரதங்கள் கெட்டுப்போகுமாம்.

நான் படிப்பைப் பாதியில் விட்டவள். அவள் வேலையை எனக்குப் புரியும்படி ஒருநாள் சொன்னாள்.

"செல்லுக்குள்ள டிஎன்ஏ நூல் மாதிரி, புரத உருண்டைங்க மேல சுத்திக் கிடக்கும்டி. சுத்தின எடத்தை செல்லால படிக்க முடியாது. ஏழெட்டுப் புரதம் கூட்டமா வந்து உருண்டையத் தள்ளிவிடும். அப்பதான் எடம் திறக்கும்."

"பீரோவ நகத்தி, பின்னாடி இருக்கற ப்ளக்க எடுக்கற மாதிரியா?"

"உனக்கு எல்லாமே வீட்டுச் சாமான்தான். ஆனா அதேதான்."

அப்படி ஒரு கூட்டத்தைச் செல்லிலிருந்து பிரித்தெடுத்து, அது உருண்டையைத் தள்ளுவதைக் காட்டிவிட்டால் அக்காவுக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் ஒப்பந்தத்தோடு சரி.

அக்கா சுத்தக்காரி. நான் கழுவிய டம்ளரை மறுபடி கழுவுவாள். பிரித்தெடுத்த புரதங்களை ஜெல் என்கிற கூழ்த்தகட்டில் ஓட்டினால் ஒவ்வொன்றும் ஒரு கோடாகத் தெரியும். சின்னப் புரதங்கள் ஓடி நிற்கும் அடிப்பகுதியில் ஒரு மங்கலான கோடு. கூடவே ஒட்டி வந்த அழுக்கு என்று நினைத்து, கழுவும் நீரில் உப்பைக் கூட்டிக் கூட்டி, அது மறையும்வரை கழுவினாள். எஞ்சிய கோடுகள் பளிச்சென்று விழுந்த படத்தைக் கைபேசியில் எனக்கும் காட்டினாள். ஆனால் உருண்டை நகரவில்லை. என்னென்னவோ மாற்றிப் பார்த்தாள். கடைசியில், இந்தக் கூட்டத்தால் அது முடியாது என்று அவளே எழுதிக் கொடுத்தாள். ஒப்பந்தமும் முடிந்தது.

பிறகு வேறொரு ஆய்வுக்கூடத்தார் ஒரு கட்டுரையில் எழுதினார்கள்: உருண்டையைப் பிடித்துக்கொள்வதே அந்த மங்கலான கோட்டில் இருந்த சின்னப் புரதம்தான். அவர்கள் அவ்வளவு கழுவவில்லை.

அன்று அக்கா தட்டின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"எங்க லேப் மேடம் அப்பவே சொன்னாங்க, கழுவாததையும் ஒரு தடவ வச்சுப் பாரேன்னு. அழுக்கோட எப்படி மேடம்னு கேட்டேன்."

"திட்டினாங்களா?"

"திட்டியிருந்தா செஞ்சிருப்பேன். உன் இஷ்டம்மான்னுட்டாங்க."

"சாப்பிடுக்கா, ஆறிடும்."

"கழுவாத பழைய ட்யூப் ஃப்ரீசர்லதான்டி இருந்துச்சு. எடம் அடைக்குதுன்னு நானே தூக்கிப் போட்டேன்."

இப்போது அக்கா ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். காலையில் போய் சாயங்காலம் வருகிறாள். அந்தப் புரதக் கூட்டத்தைப் பற்றிப் புதிது புதிதாகக் கட்டுரைகள் வருகின்றன. எதிலும் அவள் பெயர் இல்லை.