கமராவில் ஒட்டிய பிளாஸ்டர்

என் மனைவி ஏழு கிழமைகளாகச் செவ்வாய்க்குச் செவ்வாய் வரைந்த படங்களை அவளுடைய ஆசிரியை பார்க்க முடியாதபடி செய்தவன் நான். அவள் பெரிதாக எதையும் விரும்பியவள் அல்ல. தான் வரைந்ததை ஓவியம் தெரிந்த ஒருவர் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று மட்டும் விரும்பினாள். அதைத்தான் நான் தடுத்தேன்.

புலம்பெயர்ந்து வந்து, சென்ட் லோரன்ட் என்ற நகர்ப் பகுதியில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். படிக்கட்டு வீட்டுக்கு வெளியே. பக்கவாதம் அவளுடைய இடது கையையும் காலையும் இழுத்த பிறகு, பனிக்காலத்தில் அவள் கீழே இறங்குவதில்லை. அப்போதுதான் கோயில் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவித்தல் வந்தது. வெளியே போக முடியாதவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் இணையத்தில் ஓவிய வகுப்பு. தமிழில். இலவசம்.

"இலவசமோ? ஆர் குடுக்கினம்?" என்றேன்.

"ஆர் குடுத்தா உங்களுக்கென்ன? உங்களிட்டயே கேட்டவை?"

"படிப்பிக்கிறது சென்னைப் பிள்ளையாம். எங்கட கிழடுகளுக்கு அவ ஏன் மினக்கெடவேணும்?"

"கிழடு எண்டு நீங்கள் உங்களைச் சொல்லுங்கோ."

ஊரில் நான் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவன். எந்த வீட்டில் எத்தனை பேர், என்ன வயது என்று பட்டியல் எழுதுவது என் வேலை. நிவாரண அரிசிக் கூப்பன் கொடுக்கத்தான் எழுதினோம். பின்னர் சீருடைக்காரர்கள் வந்து அதே பட்டியல்களைக் கேட்டார்கள். கொடுத்தோம். அன்றிலிருந்து யாராவது அன்பாக ஒரு கேள்வி கேட்டால், பதில் எங்கே போய்ச் சேரும் என்றுதான் முதலில் யோசிப்பேன்.

முதல் வகுப்பில் முப்பது பேர் அளவில் இருந்தார்கள். அந்தச் செயலியில் கமராவைத் திறக்கத் தெரியாததால் அன்று நாங்கள் யாருக்கும் தெரியவில்லை. அதே நகரத்து ரொக்ஸ்பரோவில் தன் வீட்டுச் சமையலறையிலிருந்து ஆசிரியை பேசினாள். முகத்தையோ படத்தையோ காட்ட விரும்பாதவர்கள் கமராவை மூடி வைக்கலாம், அவர்களை எல்லோர் முன்னாலும் கேட்டுச் சங்கடப்படுத்த மாட்டேன் என்றாள். பிறகு சொன்னாள்: "உங்க ஜன்னலுக்கு வெளியே என்ன தெரியுதோ, அதை வரையுங்க."

எங்கள் ஜன்னலை எட்டிப் பார்த்தேன். எதிர்ப் பக்கத்துத் தொழிற்சாலை, பஸ் தரிப்பிடம், தெரு முனை. அதைப் பார்த்தால் எங்கள் வீடு எதுவென்று ஒரு குழந்தையும் சொல்லிவிடும்.

அடுத்த செவ்வாய், வகுப்புக்கு முன், டேப்லெட்டின் கமராவில் பிளாஸ்டரில் ஒரு சிறு துண்டை வெட்டி ஒட்டினேன். திரையில் எங்கள் கட்டம் கறுப்பாக வந்தது. திரையில் ஆசிரியை மட்டும் பெரிதாகத் தெரியும்படி மாற்றி வைத்தேன். "கமரா வேலை செய்யுதே?" என்று மனைவி கேட்டாள். "ஓம்" என்றேன். உதவிக்கென்று பக்கத்தில் கதிரை போட்டு, டேப்லெட்டின் ஓரத்தில் கையை வைத்துக்கொண்டு இருந்தேன்.

வகுப்பு முடியும்போது ஒவ்வொருவரும் தாளைத் தூக்கிப் பிடிப்பார்கள். ஆசிரியை ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து ஏதாவது சொல்வாள். மனைவியும் தூக்கிப் பிடித்தாள். வலது கையால் தாளைப் பிடித்து, மடங்கிய இடது கையால் கீழே முட்டுக் கொடுத்தாள். ஆசிரியை எங்களைத் தாண்டிப் போனாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், அவ்வளவுதான். பிறகு எங்களுக்கு மட்டும் ஒரு செய்தி வந்தது: "அம்மா, உங்க படம் எனக்குத் தெரியல. கேமராவைக் கொஞ்சம் பாருங்க." மனைவி பென்சிலைத் தீட்டிக்கொண்டிருந்தாள். விரலால் தள்ளிச் செய்தியை மறைத்தேன்.

அடுத்த கிழமை இன்னொன்று வந்தது: "நல்ல தாளும் பென்சிலும் தபால்ல அனுப்பறேன். விலாசம் தர முடியுமா?" பார்த்தாயா, என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அதையும் தள்ளினேன்.

"என்னை மட்டும் ஏன் விட்டிட்டுப் போறா?" என்று மூன்றாம் கிழமை மனைவி கேட்டாள்.

"நல்லாக் கீறுற ஆக்களின்ரையைத்தான் சொல்லுவினம்."

நான் சொன்ன பொய்களில் இதுதான் மிகக் கேவலமானது. அதன் பிறகும் அவள் நாலு கிழமை தாளைத் தூக்கிப் பிடித்தாள். ஆசிரியை கடைசிக் கட்டத்தைப் பார்த்து முடிக்கும் வரை பிடித்திருப்பாள்.

எட்டாம் செவ்வாய் டேப்லெட்டைத் திறக்க வேண்டாம் என்றாள். ஏழு தாள்களையும் என்னிடம் நீட்டினாள். "பழைய பேப்பரோட இதையும் கீழ கொண்டுபோய்ப் போடுங்கோ." வியாழக்கிழமை பழைய பேப்பர் போடும் பச்சைப் பெட்டியில் போடும்போது மேலே இருந்த ஒன்று கண்ணில் பட்டது. தலைகீழாகக் கிடந்தது. ஒரு கை. பெட்டியை மூடிவிட்டு மேலே வந்தேன். மனதுக்குள் நிம்மதியாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வீடியோவில் அழைப்பாள். அதற்கு முன் பிளாஸ்டரைக் கழற்றிவிட்டு, செவ்வாய் காலையில் மறுபடி ஒட்டுவது என் வழக்கம். வகுப்பு நின்ற நிம்மதியில் அன்று மறந்துபோனேன்.

"அம்மா, ஒண்டும் தெரியேல்லை. கமராவில என்ன ஒட்டிக்கிடக்கு?" என்றாள் மகள்.

மனைவி நகத்தால் சுரண்டி எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மகளிடம் பேந்து கதைப்பதாகச் சொல்லி நிறுத்தினாள்.

"எப்ப ஒட்டினது?"

"ரெண்டாம் கிழமை."

"அப்ப நான் ஆருக்குக் காட்டிக்கொண்டிருந்தனான்?"

பாதுகாப்புக்குத்தான் ஒட்டினேன் என்றேன். கச்சேரிக் கதையைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மகளோட கதைக்கேக்க மட்டும் அந்தப் பயம் எங்க போகும்?" என்றாள். பயந்து ஒட்டினேனா, அல்லது என் பார்வைக்கு வெளியே அவளுக்கென்று ஒருத்தி இருப்பது பிடிக்காமல் ஒட்டினேனா? இந்த விஷயத்தில் இப்போது நான் என்னையும் நம்புவதில்லை.

செவ்வாய்க்கிழமை அவளே டேப்லெட்டைத் திறந்தாள். ஆசிரியை கத்திவிட்டாள். "அம்மா! இன்னிக்குத்தான் உங்க முகத்தையே பாக்கறேன். பழைய படமெல்லாம் எடுங்க, ஒண்ணு ஒண்ணாப் பேசலாம்."

"அது இல்லை ரீச்சர். இவர்தான் கமராவை மூடி வைச்சவர். படங்களைக் கொண்டுபோய்ப் போட்டதும் இவர்தான். ஒண்டைக் கண்டிருப்பார், கேளுங்கோ."

டேப்லெட்டை என் பக்கம் திருப்பினாள். முப்பது கட்டங்கள் என்னைப் பார்த்தன. பிளாஸ்டர் ஒட்டியது நான்தான் என்று சொன்னேன். செய்திகளை மறைத்ததையும் சொன்னேன். கறுப்புக் கட்டம் ஒன்றிலிருந்து ஓர் ஆண் குரல் வந்தது: "அண்ணை, நானும் ஒட்டித்தான் வைச்சிருக்கிறன். ஆனா என்ர மூஞ்சையை மறைக்க." எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியை சிரிக்கவில்லை.

"அந்தப் படத்துல என்ன இருந்தது சார்?"

"ஒரு கை. மேசையில வைச்ச கை. விரல் மடங்கிக் கிடந்தது. இவவின்ர இடது கை எண்டு நினைக்கிறன்."

"என்ர கையில்லை," என்றாள் மனைவி. "ஒருநாள் பக்கத்தில இருக்கிறதைக் கீறச் சொன்னவ. பக்கத்தில எப்பவும் உங்கட கைதானே கிடந்தது."

மேசையில் கிடந்த என் கையைப் பார்த்தேன். ஆசிரியைதான் மெதுவாகக் கேட்டாள்: "அம்மா, சார் கை இப்பவும் அங்கதானே இருக்கு. திரும்ப வரைவீங்களா?"

மனைவி டேப்லெட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அது பேந்து பாப்பம், பிள்ளை." உப்புப் போத்தலை இழுத்து முன்னால் வைத்து, பென்சிலை எடுத்தாள்.

என் கை மேசையில்தான் இருந்தது. வகுப்பு முடியும் வரை நான் அதை எடுக்கவில்லை. அவள் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை. முடிவில் தாளைத் தூக்கிப் பிடித்தாள். "போத்தல் நிழல் ரொம்ப நல்லா விழுந்திருக்கும்மா," என்றாள் ஆசிரியை.