மகள் கலியாணத்துக்கு ஞானப்பூ அத்தை போட்ட ரவிக்கை

சின்னம்மையின் சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. அதைத்தான் நான் முதலில் பார்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து ரோட்டைச் சுற்றாமல் வாய்க்காலில் இறங்கிக் குறுக்கே வந்திருக்கிறாள். அப்படி ஓடி வந்தவள் வாசலில் நின்றுகொண்டு மூச்சு வாங்கினாள். பிறகு, "ஞானப்பூ மைனி போயிட்டாவ" என்றாள். நான் கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்திவைத்தேன். அழுகை வரவில்லை. அந்த இடது கை இனி வலிக்காது என்று மட்டும் தோன்றியது. அப்படித் தோன்றலாமா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

சபைப் பெண்கள் கூட்டத்தில் அத்தையைப் பற்றி ஆளுக்கு நாலு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள். ஆட்கள் முன்னால் நின்று எனக்குப் பேச வராது. ஆகையால் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நின்றவள் நான். பிழை இருந்தால் வாசிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். அத்தையின் மகள் கிருபை அக்காவிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அத்தை எங்களுக்கு உறவு இல்லை. எங்கள் தெருவில் நாலாவது வீடு. மாமா இறந்து ஒன்பது வருஷமாக அவர் வெள்ளைச் சேலைதான் கட்டினார். கிருபை அக்காவுக்குக் கொழும்பில் வாத்தியார் வேலை பார்க்கும் மாப்பிள்ளை அமைந்தது. ஒரு மாத லீவில் அவர் வந்திருந்தார். கலியாணம் முடிந்ததும் கப்பல் ஏற வேண்டும். பெண்ணைப் பெற்றவளுக்கு ஒரு சேலை எடுப்பது வழக்கம் என்று மாப்பிள்ளை வீட்டார் டவுணில் பட்டு எடுத்து வந்தார்கள். மாந்துளிர் நிறம், நாலு விரல் அகலத்துக்குச் சரிகைக் கரை. அத்தை மரியாதைக்கு வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவார், கலியாணத்துக்கு வெள்ளைதான் கட்டுவார் என்று எல்லோரும் நினைத்தோம். அவரோ அன்று சாயந்தரமே என்னைக் கூப்பிட்டு, "இதுக்கு ஒரு ரவிக்கை தைக்கணும்ட்டி" என்றார்.

கலியாண வீட்டில் முறுக்குச் சுற்ற உட்கார்ந்தபோது அதுதான் பேச்சு.

"ஒம்பது வருசமா பெட்டிக்குள்ள இருந்த ஆசை இப்ப வெளிய வருது."

"பைய பேசு. மாப்பிள்ளை தாய் கையப் பிடிக்கவா மக கையப் பிடிக்கவான்னு முழிக்காம இருந்தாச் சரி."

சிரிப்பு அடுப்படி வரைக்கும் கேட்டது. அத்தையும் கேட்டிருப்பார். "மாவு காஞ்சு போவுது, சுத்துங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இதைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அந்த வட்டத்தில் நானும் இருந்தேன். சிரிக்கவில்லை, ஆனால் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான் நூலால்தான் அளவு எடுப்பேன். கையைச் சுற்றி நூலைப் பிடித்து, முட்டும் இடத்தில் ஒரு முடிச்சு. எல்லோரையும் போல வலது கையை மட்டும் அளந்து, இரண்டு கையையும் அதே அளவில் வெட்டினேன். போட்டுப் பார்த்தபோது இடது கை முழங்கையைத் தாண்டி ஏறவில்லை. நான்தான் தப்பாக வெட்டிவிட்டேன் என்று நினைத்தேன். ரவிக்கையைக் கழற்றி, அதன் ஒரு கையை மற்றதன் மேல் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுபோல் இருந்தன. அத்தை எழுந்து கதவைச் சாத்தினார்.

"தப்பு ஒன் மேல இல்ல. இந்தக் கையையும் அள" என்றார்.

தோளிலிருந்து முழங்கை வரை வீங்கி, தோல் மினுங்கியது. அக்குளில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. மார்பிலும் ஒன்று இருக்கிறது என்று சொன்னார், காட்டவில்லை. இன்னொரு நூலை எடுத்து இடது கையையும் அளந்தேன்.

"எப்பருந்து அத்தை?"

"கார் நெல் அறுப்புக்கு முந்தி இருந்தே."

"டாக்டரம்மாட்ட போவமா?"

"போனா படுக்க வச்சு அறுப்பாவ. கோயில்ல கலியாண அறிவிப்பு ஓலை ரெண்டு வாசிச்சாச்சு, இன்னும் ஒரு ஞாயித்துக்கெழமதான். தாய் ஆஸ்பத்திரியில கெடந்தா கிருபை கழுத்த நீட்டுவாளா? மாப்பிள்ளைக்கு லீவு முடிஞ்சா கப்பல் நமக்காக நிக்குமா? அவ கப்பல் ஏறுத வரைக்கும் நீ வாயத் தெறக்கக் கூடாது."

நான் தலையை ஆட்டினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒன்ட்ட சொல்லுததுக்குப் பயமே இல்லட்டி. சும்மா கேட்டாலே பேச மாட்டே."

அதன் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சேலை பார்த்தோம். வெள்ளைச் சேலைகளை ஒவ்வொன்றாகத் தோளில் போட்டோம். எல்லாம் துவைத்துத் துவைத்து மெலிந்தவை; கையோடு ஒட்டி வீக்கத்தைக் காட்டிக்கொடுத்தன. மாந்துளிர்ப் பட்டு ஒட்டவில்லை, விறைப்பாக நின்றது. முந்தானையைப் பின்னுக்கு இழுக்காமல் கைமேல் விரித்துவிட்டு மூன்று இடத்தில் ஊசி குத்தினால், உள்ளே எப்படிப்பட்ட கை இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. சரிகை கழுத்தை உரசியது. அந்த இடத்தில் உள்பக்கமாக ஒரு மெல்லிய மல் துணிப் பட்டை வைத்துத் தைத்தேன். ரவிக்கையின் இடது கையை மூன்று விரல் பெரிதாக வெட்டி, அக்குளில் ஒரு துண்டு கொடுத்து, கையைத் தூக்காமலே போடும்படி முன்பக்கம் திறப்பு வைத்தேன். அத்தை நடந்து பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார். "சேலை என்னத் தூக்கிட்டு நடக்கணும். அதத் தூக்குததுக்கு எனக்குத் தெம்பு கெடையாது" என்றார்.

பிறகு கண்ணாடி முன் நின்றார். கொஞ்ச நேரம் அல்ல, நிறைய நேரம் நின்றார். "நல்லாத்தான் இருக்கேன், என்ன?" என்று கேட்டார். நல்லாத்தான் இருந்தார். கையை மறைக்கத்தான் அதைக் கட்டினாரா, கட்டிப் பார்க்க ஆசையாகவும் இருந்ததா, எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம், வெட்கமாக இருந்தது. இரண்டும்தான் என்றால் அதில் என்ன தப்பு என்று இப்போது சில நாள் நினைக்கிறேன்.

கலியாணத்தன்று கோயில் வாசலில் கிருபை அக்கா அந்த இடது கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். அத்தை முகம் சுளிக்கவில்லை. வலது கையால் மகளின் கண்ணைத் துடைத்து, "பூ நசுங்குது பாரு" என்றார். எனக்குத்தான் பார்க்க முடியவில்லை.

கிருபை அக்கா ஏறிய கப்பல் தூத்துக்குடியிலிருந்து புறப்பட்டது. அன்றோடு நான் கொடுத்த வாக்கும் முடிந்தது. மறுநாளே எங்கள் அம்மையிடமாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அத்தை இனித் தானே போவார் என்று நினைத்தேனா, பேசப் பயந்தேனா? இரண்டு மாதம் கழித்து அவர் அடுப்படியில் விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முற்றிவிட்டது என்றார்கள். முந்தியே போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாரிடம் கேட்பது என்றும் எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் பார்க்கப் போனபோது, "ரவிக்கை கடைசி வரைக்கும் பிடிக்கவே இல்லட்டி" என்றார். கையை இறுக்கிப் பிடிக்கவில்லை என்பதைத்தான் அப்படிச் சந்தோஷமாகச் சொன்னார். அவருடைய அந்தச் சொல்லும், தகர டப்பாவில் கிடக்கும் அவர் இரண்டு கையின் அளவு நூலும்தான் அவர் எனக்கென்று விட்டுப்போனது.

கிருபை அக்கா வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள், "மக போன ஏக்கத்துல வந்த சீக்குதான்" என்று அவள் காதுபடப் பேசினார்கள். அவளும் அதை நம்பினாள். ஒரு மத்தியானம் அந்த ரவிக்கையை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"ஒரு கை பெரிசா இருக்குட்டி. அவசரத்துல வெட்டிட்டியா? அதப் பிடிச்சுத் தா, நான் போட்டுக்கிடுதேன்" என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "நான் கப்பல் ஏறாம இருந்திருந்தா அம்மைக்கு இது வந்திருக்காது" என்றாள்.

சொல்லிவிட்டால் தாய் மறைத்தது தெரிந்துவிடும். நான் வாயை மூடிக்கொண்டிருந்ததும் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் இவள் தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு திரும்பவும் கப்பல் ஏறுவாள். கிருபை அக்கா ரவிக்கையைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, "நூலும் ஊசியும் இங்கன இருக்குட்டி" என்று எங்கள் அம்மை உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

நான் போய்த் தகர டப்பாவைக் கொண்டுவந்தேன். ரவிக்கையைப் பாயில் விரித்து, வலது கையின் மேல் ஒரு நூலை வைத்தேன், இடது கையின் மேல் மற்றதை வைத்தேன். "இது ஒன் கலியாணத்துக்கு முந்தி, ரெண்டாம் ஓலை வாசிச்ச வாரம் எடுத்த அளவு, அக்கா" என்று சொல்லிவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.